அமெரிக்காவுக்கும் கடன், இலங்கைக்கும் கடன் – எது ஆளை முழுங்கும் கடன்?



போன மாதத் தொகுப்புக் கூட்டத்தில், நிகழ்ச்சி நிரலில் இல்லாத ஒரு விஷயம் கிளம்பியது. நிலுவைப் பட்டியல் வாசித்தாயிற்று. வங்கிக் கடன் இணைப்புக்கு எந்தெந்தக் குழு தயார் என்று பேசியாயிற்று. டீ வருவதற்குள் ஒரு அக்கா தன் மகனுடைய செல்போனை எல்லோருக்கும் காட்டினார். ‘உலகத்திலேயே அதிகக் கடன் வைத்திருக்கும் நாடுகள்’ என்று ஒரு பட்டியல். முதல் இடத்தில் அமெரிக்கா. அடுத்து சீனா, ஜப்பான். நம் இந்தியாவும் முதல் பத்துக்குள் இருந்தது. இலங்கை எங்கே என்று தள்ளித் தள்ளிப் பார்த்தோம். எங்கோ கீழே கிடந்தது.

"ஏன் மேடம், அமெரிக்காதான் பெரிய கடன்காரன்னா அங்க இருக்கிற சனங்கதானே படகேறி ஓடி வரணும்? இலங்கைக்காரங்க ஏன் வந்தாங்க?" என்று கேட்டார்.

நம் கடற்கரைக் குழுக்களுக்கு இது செய்தித்தாள் சமாச்சாரம் இல்லை. 2022 மார்ச் 22ஆம் தேதி இலங்கையிலிருந்து 16 பேர் குழந்தைகளோடு படகில் வந்து தனுஷ்கோடிப் பக்கம் இறங்கினார்கள். அதற்குப் பிறகும் பல மாதம் வந்துகொண்டே இருந்தார்கள். முன்பு போல் சண்டைக்குப் பயந்து வந்தவர்கள் இல்லை. அரிசி வாங்க முடியவில்லை, பால்மா வாங்க முடியவில்லை, வேலை இல்லை என்று வந்தவர்கள். மண்டபம் முகாமுக்கு நம் குழுக்காரர்கள் சிலர் துணிமணியும் அரிசியும் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அந்தத் தாய்மார்களிடம் பேசிவிட்டு வந்தவர்களுக்கு, ‘நாட்டுக்குக் கடன்’ என்ற வார்த்தையைக் கேட்டாலே வயிறு கலங்கத்தான் செய்யும்.

கூட்டத்தில் இரண்டு பேச்சு எழுந்தது. ஒரு அக்கா, "இந்தியாவுக்கும் இவ்வளவு கடன்னா நாளைக்கு நம்ம பாடும் அதுதான். பேங்க்ல கிடக்கிற குழு சேமிப்பைப் பிரிச்சு ஆளாளுக்குக் கொடுத்திருங்க" என்றார். மூன்று தவணை நிலுவை வைத்திருக்கும் இன்னொரு அக்கா, "அமெரிக்காகாரனே கட்டாம உக்காந்திருக்கான், என்னைய மட்டும் ஏன் நெருக்குறீங்க?" என்றார். எல்லோரும் சிரித்தோம். ஆனால் இரண்டு பேருக்கும் அந்த இடத்தில் எனக்குச் சரியாகப் பதில் சொல்லத் தெரியவில்லை. நான் படித்தது சமூகப்பணி. பொருளாதாரம் அதில் ஒரு பாடம், அவ்வளவுதான். அதற்குப் பிறகு படித்தும் விசாரித்தும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

தொகையை மட்டும் பார்த்தால்

ஒரு குழுவில் இரண்டு பேருக்குக் கடன். ஒருவருக்கு 1 லட்சம், இன்னொருவருக்கு 20,000. யார் கஷ்டத்தில் இருக்கிறார்? 1 லட்சம் வாங்கியவர் வீட்டில் கணவர் விசைப்படகில் போகிறார், இவர் மளிகைக்கடை வைத்திருக்கிறார். 20,000 வாங்கியவர் பாசி எடுத்துத் தனியாளாய் மூன்று பிள்ளைகளை வளர்க்கிறார். நம் ஊக்குநர்கள் யாரும் தொகையைப் பார்த்து, ‘இவருக்குத்தான் ஆபத்து’ என்று சொல்ல மாட்டார்கள். வருமானம் என்ன என்று கேட்பார்கள்.

நாடுகளுக்கும் அப்படித்தான். அமெரிக்க மத்திய அரசின் கடன் 2024 நவம்பரில் 36 லட்சம் கோடி டாலரைத் தாண்டியது. ரூபாய் இல்லை, டாலர். கேட்டாலே தலை சுற்றும். ஆனால் அந்த நாடு ஒரு வருடத்தில் சம்பாதிப்பதும் மலைபோல் இருக்கிறது. அதனால்தான் நாடுகளை ஒப்பிடும்போது, நாட்டு மக்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு வருடத்தில் உண்டாக்கும் பொருள், செய்யும் வேலை ஆகியவற்றின் மொத்த மதிப்பை 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டு, அதில் அரசின் கடன் எத்தனை ரூபாய் என்று பார்க்கிறார்கள். இந்த மொத்த மதிப்பைத்தான் மொத்த உள்நாட்டு உற்பத்தி என்று ரேடியோவிலும் பேப்பரிலும் சொல்கிறார்கள். (நாம் வீட்டில் சமைப்பதும், தண்ணீர் சுமப்பதும், மாமியாரைப் பார்த்துக்கொள்வதும் அந்தக் கணக்கில் வராது. அது வேறு வருத்தம், இன்னொரு இதழில் பேசுவோம்.)

இந்த முறையில் பார்த்தால் பட்டியல் தலைகீழாகிறது. 100 ரூபாய் வருமானத்துக்கு அமெரிக்காவின் கடன் சுமார் 120 ரூபாய். மத்திய, மாநில அரசுகளைச் சேர்த்து இந்தியாவின் கடன் சுமார் 80 ரூபாய். இலங்கைக்கு 2021 முடிவில் 100 ரூபாயைத் தாண்டியிருந்தது. ஜப்பானுக்கோ 2020க்குப் பிந்தைய வருடங்களில் சுமார் 250 ரூபாய்! நாடே இரண்டரை வருடம் சாப்பிடாமல் உழைத்தால்தான் அடைக்க முடியும் என்ற அளவு.

அப்படியானால் முதலில் மூழ்கியிருக்க வேண்டியது ஜப்பான் அல்லவா? அது மூழ்கவில்லை. 100க்கு 30கூட இல்லாத ஈக்வடார் என்ற தென் அமெரிக்க நாடு 2008 டிசம்பரில், ‘இந்தக் கடன்கள் முறைகேடாக வாங்கப்பட்டவை, கட்ட மாட்டோம்’ என்று அறிவித்தது. 250 வைத்திருப்பவர் ஒழுங்காகக் கட்டுகிறார், 30 வைத்திருப்பவர் நிறுத்துகிறார். ஆக, இந்த விகிதமும் முழுக்கதையைச் சொல்லவில்லை.

ஒரு காரணம், அந்த 100 ரூபாய் அரசின் கையில் இருப்பது இல்லை. அது ஊரார் எல்லோருடைய வருமானம். அதில் வரியாக வசூலாவதுதான் அரசுக்கு. இலங்கையில் 2019 முடிவில் புதிதாக வந்த அரசு வரிகளைப் பெரிய அளவில் குறைத்தது. பொருள்களுக்கான வாட் வரி 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமானது. மக்கள் சந்தோஷப்பட்டார்கள். அடுத்த வருடமே கொரோனா. 2021இல் நாட்டின் 100 ரூபாய் வருமானத்தில் அரசுக்கு வசூலானது ஏறக்குறைய 8 ரூபாய்தான். கடன் 100க்கு மேல், வசூல் 8. ஜப்பான் அரசுக்கோ 100இல் 35க்கும் மேல் வசூலாகிறது. கடன் கேட்டு வரும் உறுப்பினரின் ஊர் எவ்வளவு சம்பாதிக்கிறது என்று நாம் கேட்பதில்லை, அவர் கைக்கு என்ன வருகிறது என்றுதானே கேட்கிறோம்.

யாரிடம் வாங்கியது, எந்தப் பணத்தில் வாங்கியது

எனக்கு விஷயம் உண்மையில் புரிந்தது இந்த இடத்தில்தான். அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

நம் பக்கம் ஒரு பழக்கம் உண்டு. அவசரத்துக்கு நாத்தனாரிடமோ சித்தியிடமோ மூன்று பவுன் சங்கிலி வாங்கி, அடகு வைத்து, பணத்தைப் புரட்டிக்கொள்வோம். திருப்பிக் கொடுக்க வேண்டியது பணம் இல்லை, பவுன். 2019இல் பவுன் 30,000 ரூபாய்க்குப் பக்கத்தில் இருந்தது. அப்போது வாங்கிய நகை அடகிலேயே மூழ்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘90,000 ரூபாய் கடன்’ என்று அன்று மனதில் நினைத்திருப்பீர்கள். 2025இல் பவுன் 70,000 ரூபாயைத் தாண்டியது. நீங்கள் ஒரு குண்டுமணி கூட வாங்கவில்லை. ஆனால் கடன் 2,10,000 ஆகிவிட்டது. உங்கள் கூலி ரூபாயில் வருகிறது, கடன் பவுனில் இருக்கிறது. அதுதான் சிக்கல்.

குழுவில் வாங்கும் உள்கடன் அப்படி இல்லை. ரூபாயில் வாங்கி ரூபாயில் கட்டுகிறோம். நாம் கட்டும் வட்டியும் நம் குழுவுக்குள்ளேயே சுற்றுகிறது. ஒரு மாதம் தவறினாலும் உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம்.

ஜப்பானின் கடன் பெரும்பாலும் உள்கடன் மாதிரி. அந்த அரசுக்குக் கடன் கொடுத்திருப்பவர்களில் மிகப் பெரும்பகுதி ஜப்பானியர்களே. அவர்களுடைய வங்கிகள், இன்சூரன்ஸ் கம்பெனிகள், ஓய்வூதிய நிதிகள். கடன் பத்திரங்களில் ஏறக்குறைய பாதியை அந்த நாட்டு மத்திய வங்கியே வாங்கி வைத்திருக்கிறது. எல்லாம் அவர்கள் பணமான யென்னில். வட்டியும் பல வருடங்களாகப் பூஜ்யத்தை ஒட்டியே இருந்தது. அதனால்தான் 250 ரூபாய் கடன் அவர்கள் கழுத்தை நெரிக்கவில்லை. இப்போது 2024இலிருந்து அங்கேயும் வட்டி ஏறத் தொடங்கியிருக்கிறது. இனி அவர்களும் கணக்குப் பார்த்துத்தான் நடக்க வேண்டும்.

அமெரிக்காவின் கடன் டாலரில். அந்த டாலரை வெளியிடுவதே அவர்கள்தான். உலகம் முழுக்க எண்ணெய் வாங்கவும் சரக்கு வாங்கவும் டாலர் தேவைப்படுகிறது. அதனால் அவர்கள் பத்திரத்தை வாங்க ஆள் வரிசையில் நிற்கிறது. நம் நிலுவை அக்காவுக்கு இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். அமெரிக்கா கட்டாமல் உட்காரவில்லை. வட்டியையும், தவணை முடிந்த பத்திரத்தின் அசலையும் நாள் தவறாமல் கட்டுகிறது. அசலைக் கட்டப் புதுக் கடன் வாங்குகிறது, அது வேறு விஷயம். நாம் அப்படிச் செய்தால், தண்டல்காரரிடம் வாங்கி வங்கிக்குக் கட்டுவது, வங்கியில் வாங்கித் தண்டலுக்குக் கட்டுவது என்று சுழலில் மாட்டிக்கொள்வோம். நாடு கிழவியாகிப் படுக்கையில் விழுவதில்லை. தலைமுறை தலைமுறையாக வரி வசூலிக்கும். அதை நம்பித்தான் கடன் கொடுப்பவர்கள் மறுபடி கொடுக்கிறார்கள். அதற்கும் விலை உண்டு. 2024 நிதியாண்டில் அமெரிக்க அரசு ராணுவத்துக்குச் செலவழித்ததைவிட வட்டிக்குச் செலவழித்தது அதிகம்.

இலங்கையின் கதை பவுன் கடன் கதை. 2007இல்தான் அந்த நாடு முதல்முறையாக டாலர் பத்திரங்களை வெளிநாட்டுச் சந்தையில் விற்றுக் கடன் வாங்கியது, 50 கோடி டாலர். ருசி கண்டுவிட்டது. உலக வங்கி, ஜப்பான் போன்ற இடங்களில் குறைந்த வட்டியில் நீண்ட தவணைக்கு வாங்கிக்கொண்டிருந்த நாடு, அதிக வட்டியில் சில வருடத்துக்குள் மொத்தமாக அசலைத் திருப்ப வேண்டிய கடனுக்குப் போனது. 2021இல் வெளிநாட்டுக் கடனில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இப்படிப்பட்ட பத்திரங்கள். அப்போது எல்லோரும் சீனாவைக் கை காட்டினார்கள். சீனக் கடனும் உண்டு. அந்தக் கடனில் கட்டி 2013இல் திறந்த மத்தள விமான நிலையத்துக்கு விமானங்கள் சரியாக வரவே இல்லை என்பதும் உண்மைதான். ஆனால் பெரிய பங்கு பத்திரக்காரர்களுடையது.

டாலரில் கடன் வாங்கினால் டாலர் சம்பாதிக்க வேண்டும். இலங்கைக்குச் சுற்றுலா, தேயிலை, ஆடை ஏற்றுமதி, வளைகுடா நாடுகளில் வீட்டு வேலை பார்க்கும் பெண்கள் உட்பட வெளிநாட்டில் உழைப்பவர்கள் அனுப்பும் பணம் ஆகியவைதான் டாலர் வரும் வழி. 2019இல் ஈஸ்டர் அன்று குண்டுவெடிப்பு, சுற்றுலா விழுந்தது. 2020இல் கொரோனா, அடியோடு நின்றது. 2021 ஏப்ரலில் ரசாயன உரத்தை இறக்குமதி செய்யக்கூடாது என்று திடீரென்று தடை போட்டார்கள். நெல்லும் தேயிலையும் குறைந்து, அரிசியையே வெளிநாட்டில் வாங்கும் நிலை வந்தது.

2022 ஏப்ரல் 12ஆம் தேதி, வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்டுவதை நிறுத்திவைக்கிறோம் என்று இலங்கை அறிவித்தது. அப்போது வெளிநாட்டுக் கடன் சுமார் 5,100 கோடி டாலர். மே மாதம் அந்த நாட்டு நிதியமைச்சர், உடனே எடுத்துச் செலவழிக்கக்கூடிய டாலர் கையிருப்பு 5 கோடிகூட இல்லை என்று சொன்னார். அதே மாதம், 7.8 கோடி டாலர் வட்டியைக் கூடுதல் அவகாசம் முடிந்த பிறகும் கட்ட முடியாமல், வரலாற்றிலேயே முதல்முறையாகத் தவணை தவறிய நாடானது. மார்ச் தொடக்கத்தில் ஒரு டாலருக்கு 200 இலங்கை ரூபாய். மே மாதத்தில் 360 ரூபாய். 100 டாலர் கடன் 20,000 ரூபாயாக இருந்தது, இரண்டு மாதத்தில் 36,000. புதிதாக ஒரு காசு கூட வாங்காமலே! 2022 செப்டம்பரில் விலைவாசி முந்தின வருடத்தைவிட ஏறக்குறைய 70 சதவீதம் ஏறியிருந்தது. உணவுப் பொருளுக்கு இன்னும் அதிகம். நம் கரையில் வந்து இறங்கியவர்கள் சொன்னது இதைத்தான்.

இன்னொரு மாதிரியும் உண்டு, கிரீஸ். அந்த நாட்டுக் கடன் யூரோவில். யூரோ பல நாடுகளின் பொதுப் பணம், கிரீஸ் நினைத்தபடி வெளியிட முடியாது. அதோடு அங்கே நோட்டும் சரியாக எழுதவில்லை. 2009இல் புது அரசு வந்து கணக்கைத் திறந்து பார்த்தால், அரசின் பற்றாக்குறை அதுவரை வெளியே சொன்னதைவிட இரண்டு மடங்குக்கும் அதிகம். கடன் கொடுத்தவர்கள் பயந்துபோனார்கள், வட்டி எகிறியது. 2010 மே மாதம் மற்ற நாடுகளும் சர்வதேச நிதியமும் சேர்ந்து கைகொடுக்க வேண்டிவந்தது. 2015இல் மூன்று வாரம் வங்கிகள் மூடிக் கிடந்தன. ஏடிஎம்மில் ஒரு நாளைக்கு 60 யூரோதான் எடுக்கலாம் என்று கட்டுப்பாடு. தீர்மான நோட்டு, பேரேடு, தணிக்கை என்று நான் உங்களைப் பிடுங்குவதை நினைத்துக்கொள்வீர்கள், தெரியும்.

நம் நாட்டுக்கும் ஒரு தடவை வந்தது

1991இல் இந்தியாவும் கிட்டத்தட்ட அந்த விளிம்புக்குப் போனது. வளைகுடாப் போரால் எண்ணெய் விலை ஏறியது, அங்கே வேலை பார்த்தவர்கள் திரும்பி வந்தார்கள். இரண்டு மூன்று வாரத்து இறக்குமதிக்கு மட்டுமே போதுமான டாலர்தான் மிச்சம். என்ன செய்தார்கள் தெரியுமா? நாம் செய்வதைத்தான். அந்த வருடம் ஜூலையில் ரிசர்வ் வங்கி ஏறக்குறைய 47 டன் தங்கத்தை விமானத்தில் ஏற்றி இங்கிலாந்துக்கு அனுப்பி, அதன்மேல் டாலர் கடன் வாங்கியது. பிறகு கட்டி மீட்டார்கள்.

கவனிக்க வேண்டியது என்னவென்றால், 1991இல் இந்தியாவின் கடன் விகிதம் இன்று இருப்பதைவிடக் குறைவு. ஆனால் ஆபத்து அன்றுதான். இன்று மத்திய அரசின் கடனில் வெளிநாட்டில் வாங்கியது 100க்கு 10கூட இல்லை. மற்றதெல்லாம் ரூபாயில், நாட்டுக்குள். 2024இல் டாலர் கையிருப்பு 60,000 கோடிக்கும் மேல் இருந்தது. அதனால் ‘நாளைக்கே நாமும் படகேற வேண்டும்’ என்ற பயத்துக்கு இப்போது ஆதாரம் இல்லை.

நாட்டுக்குள் யாரிடம் வாங்கினார்கள் என்று நான் தேடிப் பார்த்தபோது எனக்கே ஆச்சரியம். நம்மிடம்தான்! வங்கிகள் தங்களிடம் சேரும் டெபாசிட்டில் குறைந்தது 18 சதவீதத்தை அரசுக் கடன் பத்திரம் போன்ற பாதுகாப்பான இடங்களில் வைக்க வேண்டும் என்று விதி. நம் குழுச் சேமிப்பு வங்கியில் 1 லட்சம் இருந்தால், அதில் 18,000 ரூபாய் அளவு அரசுக்குக் கடனாகப் போயிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். தபால் ஆபீசில் கட்டும் ஆர்.டி., பெண் பிள்ளைக்குப் போடும் செல்வமகள் சேமிப்பு, எல்.ஐ.சி. பிரீமியம், இவற்றிலும் பெரும்பகுதி அரசுக் கடனாகத்தான் போகிறது. அரசின் பேரேட்டில் ‘கடன்’ என்று இருப்பது உங்கள் பாஸ் புத்தகத்தில் ‘சேமிப்பு’ என்று இருக்கிறது. ஒரே தொகை, இரண்டு நோட்டு.

2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு வெள்ளை அறிக்கை வெளியிட்டபோது, ஒவ்வொரு குடும்பத்தின் மீதும் 2,63,976 ரூபாய் கடன் என்று செய்தி வந்தது நினைவிருக்கிறதா? ஒருவர் தன் குடும்பப் பங்கைக் கட்டுகிறேன் என்று காசோலையோடு அரசு அலுவலகத்துக்கே போய்விட்டார் என்றும் செய்தி வந்தது. நம் உறுப்பினர்கள் சிலரும், "எங்க பேர்ல இவ்வளவு எப்ப வாங்கினாங்க?" என்று என்னைப் பிடித்துக்கொண்டார்கள். கடனைத் தலைக்கு இவ்வளவு என்று வகுத்துச் சொன்னால் பயம் வரும், விளக்கம் வராது. அந்த அறிக்கையில் முக்கியமான விஷயம் வேறு. சம்பளம், ஓய்வூதியம், வட்டி போன்ற அன்றாடச் செலவுக்கே வருமானம் போதாமல் கடன் வாங்க வேண்டியிருந்தது என்பது அது. ஆடு வாங்கக் கடன் வாங்குவதும், அரிசி வாங்கக் கடன் வாங்குவதும் ஒன்றில்லை.

கடன் முற்றினால் யார் தலையில் விழும்

அதற்காக, ‘நம்மிடம்தானே வாங்கியிருக்கிறார்கள், கவலையில்லை’ என்று நான் சொல்லவில்லை. 2025-26 மத்திய பட்ஜெட்டில் அரசின் வருவாய் வரவு சுமார் 34.2 லட்சம் கோடி ரூபாய் என்று மதிப்பிட்டார்கள். அதில் 12.76 லட்சம் கோடி வட்டிக்கு. 100 ரூபாய் வந்தால் 37 ரூபாய் வட்டிக்கே போகிறது. அங்கன்வாடிக்கு, நூறு நாள் வேலைக்கு, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு என்று நாம் கேட்கும்போது ‘நிதி இல்லை’ என்ற பதில் வருவதற்கு இதுவும் ஒரு காரணம். இலங்கையில் 2021இல் 100க்கு 70 ரூபாய்க்கும் மேல் வட்டிக்குப் போனது. மீதி 30இல் ஒரு அரசு என்ன செய்யும்? கல்விக்கோ மருத்துவத்துக்கோ செலவிடுவதைவிட அதிகமாக வட்டிக்குச் செலவிடும் நாடுகளில் 330 கோடி மக்கள் வாழ்கிறார்கள் என்று ஐ.நா. அமைப்பு ஒன்று 2024இல் கணக்குச் சொன்னது. என்னைக் கேட்டால், நாடுகளை ஒப்பிட இந்த வட்டிக் கணக்குதான் நமக்கு முதலில் பார்க்க வேண்டியது. மொத்தக் கடன் எவ்வளவு என்பது பிறகு.

கடன் கை மீறியபின் இலங்கையில் நடந்ததைப் பாருங்கள். 2023 மார்ச்சில் சர்வதேச நிதியம் சுமார் 300 கோடி டாலர் கடன் கொடுக்க ஒப்புக்கொண்டது. அதை ஒட்டி வீட்டுச் செலவில் கை வைத்தார்கள். மின் கட்டணம் 2022 ஆகஸ்டில் சராசரி 75 சதவீதம் ஏறியது. 2023 பிப்ரவரியில் மறுபடி 66 சதவீதம். 8 சதவீதமாகக் குறைத்த வாட் வரி 2024 ஜனவரியில் 18 சதவீதமானது. உள்நாட்டுக் கடனைச் சீரமைத்தபோது, வங்கிகள் வைத்திருந்த நீண்டகாலப் பத்திரங்களைத் தொடவில்லை. தொழிலாளர்களின் பி.எஃப். பணம் வைத்திருந்த பத்திரங்களில் கை வைத்தார்கள், வருங்கால வட்டி குறைந்தது. அந்த பி.எஃப்.பில் ஆடைத் தொழிற்சாலையிலும் தேயிலைத் தோட்டத்திலும் வேலை பார்க்கும் பெண்களின் பணமும் இருந்தது. கடன் பத்திரம் விற்றபோது அவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

இன்னொரு பக்கம் நார்வே என்று ஒரு சின்ன நாடு. அதற்கும் அரசுக் கடன் உண்டு. ஆனால் எண்ணெய் விற்ற பணத்தைச் செலவழித்துவிடாமல் சேர்த்து வைத்திருக்கும் நிதி, அந்த நாட்டின் ஒரு வருட வருமானத்தைப் போல் மூன்று மடங்குக்கும் மேல். நம் குழுவில் 40,000 சேமிப்பு வைத்துக்கொண்டு 10,000 உள்கடன் வாங்கும் அக்காக்கள் மாதிரி. கடன் பட்டியலில் பெயரைப் பார்த்து அவர்களைக் கடன்காரர் என்று சொல்ல முடியுமா?

இந்த மாதக் கூட்டத்தில் இதையெல்லாம் பேசினோம். டீ ஆறிப்போனது. சேமிப்பைப் பிரிக்கச் சொன்ன அக்கா கடைசியில் ஒரு கேள்வி கேட்டார். "சரி மேடம், செல்வமகள்ல போடுற பணம் அரசாங்கத்துக்குக் கொடுக்கிற கடன்னா, அதை வாங்கி அவங்க ஆடு வாங்கினாங்களா அரிசி வாங்கினாங்களான்னு நாம கேக்கலாமா?" கேட்கலாம். கிராம சபையில் ஊராட்சியின் வரவு செலவைக் கேட்பது போலவே, சட்டமன்றத்திலும் பாராளுமன்றத்திலும் வைக்கும் பட்ஜெட்டில் அந்தக் கணக்கு இருக்கிறது. அடுத்த பட்ஜெட் வரும்போது அதை எடுத்துவந்து தொகுப்புக் கூட்டத்தில் சேர்ந்து வாசிப்பது என்று தீர்மானம் எழுதியிருக்கிறோம்.

நிலுவை அக்கா இரண்டு தவணையைக் கட்டிவிட்டார். மூன்றாவது தவணைக்கு ஒரு மாதம் அவகாசம் கேட்டார். குழு கொடுத்திருக்கிறது.